பிஷப்புக்குத் தோல் உரிந்தபோது

பிஷப்புக்குத் தோல் உரிகிறது என்று லவோன் தொலைபேசியில் சொன்னபோது நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். உடனே அடுப்பை அணைத்தேன். என் கூரைமேல் மரம் விழுந்த அன்றுகூட முட்டையைத் தின்று முடித்துவிட்டுத்தான் வெளியே போய்ப் பார்த்தேன். ஆகவே விஷயம் எவ்வளவு பெரிது என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

"எங்கேருந்து உரியுது? அடியிலயா, நுனியிலயா?"

"அடியில வெள்ளை ஏறுது. நுனியெல்லாம் தீஞ்ச மாதிரி இருக்கு. போன்லயே வைத்தியம் பாக்காதீங்க ஹெர்ப். பூதக்கண்ணாடிய எடுத்துக்கிட்டுக் கெளம்பி வாங்க."

பிஷப் ஆள் இல்லை, பவளம். மான்கொம்பு மாதிரி கிளைவிட்டு வளரும் உயிருள்ள கடல் பவளம். கிளை நுனிகளில் பிஷப்பின் அங்கியைப் போன்ற ஊதா நிறம் இருப்பதால் அந்தப் பெயர். பெயருக்கேற்ற மரியாதையும் உண்டு. எங்கள் பவளம் வளர்ப்போர் சங்கத்தில் யாரும் அவரை 'அது' என்று சொல்வதில்லை.

விஸ்கான்சினில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். கடல் இங்கிருந்து ஆயிரம் மைல். கடல் பக்கத்தில் இருப்பவனுக்கு அதை வீட்டுக்குள் வளர்க்கும் ஆசை வராது. எங்களுக்கு வந்துவிட்டது. இருபது பேர் சேர்ந்து சங்கம் வைத்து, வெளியே ஏரி கல்லாக உறைந்து கிடக்கையில் உள்ளே கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீரைச் சூடு பண்ணிக்கொண்டிருக்கிறோம். என்னிடம் இருக்கும் துப்பாக்கி இறால் கொடுக்கைச் சொடுக்கினால் வெடிச் சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டார். வந்த காவலர் தொட்டியைப் பார்த்து, கொடுக்கை மேலே தூக்கச் சொன்னார். இறால் தூக்கியது. உரிமம் இல்லை என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

பிஷப்பின் வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். லவோனும் கோர்டியும் புருஷன் பெண்டாட்டியாக இருந்த காலத்தில் வளர்த்த பவளம் அவர். முப்பது வருஷம் ஒரே தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்கள், விளக்கு விஷயத்தில் பிரிந்தார்கள். தொட்டிக்கு நீல விளக்கு வேண்டும் என்றாள் அவள். வெள்ளைதான் என்றான் அவன். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. நீதிபதி அவர்களை மிரட்டிப் பார்த்தார். "பவளத்த ரெண்டா வெட்டிக் குடுத்துரட்டுமா?"

"வெட்டுங்க" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். பவளத்தை வெட்டினால் சாகாது, இரண்டாகும். அது நீதிபதிக்குத் தெரியவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவரே மேடையிலிருந்து இறங்கி வந்து, எலும்பு வெட்டும் கத்தரியால் பிஷப்பை நடுவில் வெட்டினார். அவர் அங்கியில் உப்புக்கறை இன்றும் போகவில்லையாம். பெரிய தொட்டியும் மோட்டார்களும் லவோனுக்கு. சின்னத் தொட்டியும் நாயும் தண்ணீர் சோதிக்கும் பழைய பெட்டியும் கோர்டிக்கு. கோர்டி சங்கத்தை விட்டும் விலகிக்கொண்டான். அதற்கப்புறம் இருவரும் ஒருவரோடொருவர் பேசவேண்டுமானால் என் வழியாகத்தான், ஒரே அறையில் இருந்தாலும்.

நான் போய்ச் சேர்ந்தபோது லவோன் முழங்கை வரை தண்ணீரில் இருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பனிப்புயலுக்கென்று ஒரு நாளும் வண்டியை நிறுத்தியதில்லை. ஒருமுறை சாலையே இல்லாத காலையில் கிளம்பிப் போனாள், சாலை மதியம் வந்து சேர்ந்தது.

பிஷப்பைக் கிட்டே போய்ப் பார்த்தேன். பவளத்துக்கு எலும்பு உள்ளே, உயிர் மேல்தோலில். எலும்பு வெள்ளையாகத் தெரிகிற இடம் செத்த இடம். அந்த வெள்ளை அடியிலிருந்து இரண்டு விரல் உயரம் ஏறியிருந்தது. அதன் விளிம்பில் தோல் ஈரக் காகிதம்போல் கிழிந்து ஆடியது.

"புழு தின்னிருக்குமோ?" என்றேன்.

"அயோடின் தண்ணியில ஒரு கெளைய முக்கி எடுத்தேன். புழு இருந்தா உதுந்திருக்கும். ஒண்ணும் விழல. முட்டையும் இல்ல."

"மீன் கொத்தியிருக்கும்."

"கொத்தினா பல்லுத்தடம் துண்டு துண்டாத் தெரியும். இது கோடு போட்ட மாதிரி ஏறுது. காலையெல்லாம் நாற்காலி போட்டு ஒவ்வொரு மீனா மொறைச்சுப் பாத்தேன். ஒண்ணு முகத்துலயும் குத்தவுணர்ச்சி இல்ல."

பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். பேன்போல ஒட்டும் சிவப்புப் பூச்சியும் இல்லை. சூடு சரி, உப்பு சரி.

"காரம்?"

தண்ணீரில் காரத்தன்மை குறைந்தால் பவளம் எலும்பு கட்டாது. கூடினால் நுனி கருகித் தோல் உரியும். அதற்கென்று சின்னக் குப்பியில் ஒரு மருந்து உண்டு. தொட்டித் தண்ணீரில் நீலச் சாயம் கலந்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலம் எந்தச் சொட்டில் ரோஜா நிறமாக மாறுகிறதோ அதுதான் எண். எட்டு வந்தால் நிம்மதி.

"எட்டு. நேத்தும் எட்டு, இன்னிக்கும் எட்டு" என்றாள். "ஆனா இந்தக் குளிர்காலம் முழுக்க நிறுத்தவே முடியல. கொறைஞ்சுக்கிட்டே போவுது. காரம் ஏத்தற கரைசல ஊத்தி ஊத்தி எட்டுக்கு இழுத்துக்கிட்டு வரேன். பிஷப் நல்லா சாப்புடறாருன்னு நெனச்சேன்."

அதைக் கேட்ட பிறகும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. எட்டு என்பது எங்கள் ஆட்களுக்கு வேதவாக்கு.

"உரிஞ்ச எடத்துக்கு மேல வெட்டி, நல்ல கெளைய மட்டும் காப்பாத்திரலாமே?"

"எங்க வெப்பேன்? இதே தண்ணியிலதான. காரணம் தெரியாம வெட்டினா ஒரு பொணத்துக்குப் பதிலா பத்துப் பொணம். காரணம் தெரியாம நான் கத்தரியத் தொடமாட்டேன் ஹெர்ப்."

எங்கள் சங்கம் வெள்ளிக்கிழமைதோறும், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் அரங்கின் பின்னறையில் கூடும். தலைவர் நார்ப். அவருடைய காது மிஷினைக் கழற்றித் தொட்டி ஓரம் வைத்தபோது காலிச் சங்குக்குள் குடிபுகும் துறவி நண்டு ஒன்று அதில் குடியேறிவிட்டது. காலி பண்ணச் சொல்ல மனமில்லாமல் அப்படியே மாட்டிக்கொண்டார். அதிலிருந்து யார் என்ன பேசினாலும் கடலோசை கேட்பவர்போல் முகத்தை வைத்திருப்பார்.

அந்த வாரக் கூட்டத்தில் நார்ப் எழுந்து நின்று, "அக்டோபர்ல லவோன்கிட்ட பிஷப் துண்டு வாங்கினவங்க கை தூக்குங்க" என்றார்.

எல்லாரும் தூக்கினோம். வருஷா வருஷம் அவள் எல்லாருக்கும் ஒரு துண்டு தருவாள். யாருடையதாவது செத்தால் மற்றவர்கள் திருப்பித் தர வேண்டும். அது எங்கள் வழக்கம்.

"தூக்கின கைய எறக்காதீங்க. வீட்ல பவளம் உரியலேன்னா மட்டும் எறக்குங்க."

ஒரு கையாவது இறங்கும் என்று பார்த்தேன். என்னுடையதே இறங்கவில்லை. வீட்டுக்குள் கிறுக்குப் பிடித்த மாமாவை மறைப்பதுபோல் ஆளாளுக்கு மறைத்து வைத்திருந்தோம்.

"தொத்து நோய்!" என்றார் நார்ப். "லவோன் வீட்லேருந்து கெளம்பி ஊரெல்லாம் பரவிருச்சு. அவங்க தொட்டியக் காலி பண்ணி பிளீச் ஊத்திக் கழுவணும். பிஷப், துண்டு, எல்லாம். இல்லேன்னா சங்கத்துல எடமில்ல."

லவோன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "என் தொட்டிக்கு பிளீச் ஊத்தணும்னா மொதல்ல என் தலையில ஊத்துய்யா. தொத்துன்னு எத வெச்சுச் சொல்ற?"

"எல்லாருக்கும் வந்திருக்கே!"

"எல்லாருக்கும் வயசும்தான் ஆயிருக்கு. அதுவும் எங்க வீட்லேருந்து தொத்தினதா?" அறை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "அடுத்த வெள்ளிக்கெழம வரைக்கும் நேரம் குடு. தொத்துன்னு தெரிஞ்சா நானே என் கையால ஊத்தறேன். இல்லேன்னு தெரிஞ்சா, நீ சொன்னத நீயே ஊரறிய வாபஸ் வாங்கணும்."

நார்ப் தலையாட்டினார், பேசிய பேச்சு பேசியதுதான். வெளியே வண்டி நிறுத்தத்தில் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தொத்துன்னா நல்லா இருக்கறதுக்குத் தொத்திக் காட்டணும் இல்லையா? உரியாத பிஷப் ஒண்ணு வேணும். ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. வண்டிய எடுங்க."

"கோர்டி வீட்டுக்கா?"

"பேர் சொல்லாதீங்க. எடுங்க."

முதலில் அவள் வீட்டுக்குப் போய், பாதி உரிந்த ஒரு கிளையை ஒடித்து டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டோம். கோர்டி வீட்டு வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் மண்வாரியை நட்டுவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஹெர்ப், அந்தம்மா கையில என்ன டப்பான்னு கேளுங்க."

"ஹெர்ப், சாகக் கெடக்கற துண்டுன்னு அந்த ஆளுகிட்ட சொல்லுங்க. அவரோட தொட்டியில, அவரோட பிஷப்ப ஒட்டினாப்ல வெக்கணும்."

"அந்தம்மாவுக்குப் புத்தி கலங்கிருச்சான்னு கேளுங்க. தொத்தா இருந்தா என்னோடதும் போயிரும். ஊர்ல மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

"அது தெரிஞ்சுதான் வந்திருக்கேன்னு சொல்லுங்க. எனக்கு வேற வாசல் இல்ல. முடியாதுன்னா சொல்லட்டும், திரும்பிப் போயிடறேன்."

இருவருக்கும் நடுவில் கழுத்தைத் திருப்பித் திருப்பி எனக்குச் சுளுக்கிக்கொண்டது. கோர்டி டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். உள்ளே மிதந்த தோல் நூல்களைப் பார்த்தான். அப்புறம் என்னைத் தாண்டி அவளிடம் கேட்டான்.

"ரொம்ப உரிஞ்சிருச்சா?"

"பாதி" என்றாள் அவள்.

அத்தோடு என் உத்தியோகம் போனது. உள்ளே போய் நாய் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோர்டியின் பிஷப் வெள்ளை விளக்கின் கீழ் அடிமுதல் நுனிவரை தோல் குலையாமல் நின்றார். அவன் நோயாளித் துண்டை எடுத்து, தோலும் தோலும் தொடுகிற மாதிரி தன் பவளத்தின் மடியில் வைத்தான். வைத்ததும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். தண்ணீர் குளிர்ச்சி என்றான். தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

அந்த வாரம் லவோன் தினமும் காலையில் கோர்டி வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனாள். உள்ளே வரச் சொன்னால், பூட்ஸ் ஈரம் என்பாள். அவள் வீட்டில் பிஷப்புக்கு வெள்ளை ஏறிக்கொண்டே இருந்தது. கத்தரி மேஜைமேல் கிடந்தது. அவள் தொடவில்லை.

புதன்கிழமை நானும் அங்கே இருந்தபோது கோர்டியே ஜன்னலைத் தட்டி அவளை உள்ளே கூப்பிட்டான். துண்டில் உரிதல் நின்றிருந்தது. நின்றதோடு, வெள்ளை எலும்பின்மேல் மயிரிழை அகலத்துக்குப் புதுத்தோல் இறங்கியிருந்தது. தொட்டுக்கொண்டு நின்ற கோர்டியின் பிஷப்புக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"தொத்து இல்ல" என்றாள் லவோன், கண்ணாடியில் மூக்கு ஒட்ட. "எடம் மாறினதும் நின்னுருச்சு. அப்போ என் தண்ணி."

"உன் தண்ணியில காரம் எவ்ளோ?"

"எட்டு."

"என்னுதும் எட்டுதான்."

நாய் கொட்டாவி விட்டது.

"உன் எட்டும் என் எட்டும் ஒரே எட்டான்னு பாக்கணும்" என்றாள். "அந்தப் பழைய பெட்டிய எடு."

அவள் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் பெட்டியால் சோதித்தோம். எட்டாவது சொட்டு விழுந்தது. நீலம். ஒன்பது, நீலம். பத்தாவது சொட்டுக்குக் கோர்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான். பன்னிரண்டில்தான் ரோஜா நிறம் வந்தது.

"உன் பெட்டி பழசு. மருந்து கெட்டிருக்கும்" என்றாள் லவோன்.

"உன்னுது புதுசு. புதுசுன்னா யோக்கியனா?"

"ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. எதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?"

பதில் சமையலறையில் இருந்தது. சமையல் சோடா. காய்ச்சி வடித்த நீரில் இவ்வளவு சோடா போட்டால் காரம் இவ்வளவு என்பது இயற்கையின் கணக்கு, அதற்குப் புதுப்பெட்டி பழைய பெட்டி தெரியாது. ஆனால் துல்லியமாக நிறுக்க வேண்டும். கோர்டி மான் வேட்டைக்காரன், தோட்டாக்களுக்குத் தானே மருந்து அடைப்பவன். வெடிமருந்து நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து, சோடாவைக் கத்தி நுனியால் இட்டான். தும்மினால் வீடு போய்விடும் என்பதுபோல் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பன்னிரண்டு வரவேண்டிய அளவுக்குக் கலந்தான்.

பழைய பெட்டி பன்னிரண்டு என்றது. லவோனின் புதுப்பெட்டி எட்டு என்றது.

அவள் தன் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "இத நவம்பர்லதான் தொறந்தேன். அன்னிக்கே மருந்து குப்பியோட தோள் வரைக்கும் இல்லாம இடுப்புலதான் நின்னுச்சு. கம்பெனிக்காரன் கஞ்சன்னு நெனச்சேன்." சட்டென்று திரும்பினாள். "ஹெர்ப், உங்க குப்பி எங்க வாங்கினது?"

"சங்கத்துலதான். எல்லாரும் சேந்து ஒரே அட்டைப்பெட்டியா வாங்கினோமே, நார்ப் பிரிச்சுக் குடுத்தாரே."

"எல்லாரும்" என்றாள் லவோன். அப்புறம் அவளும் கோர்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், கோர்ட்டில் 'வெட்டுங்க' என்றபோது பார்த்துக்கொண்ட மாதிரி.

வெள்ளிக்கிழமை பின்னறையில் மீன் வறுவல் வாசனை. நார்ப் பிளீச் டப்பாவை மேஜைமேலேயே வைத்திருந்தார். லவோன் அதன் பக்கத்தில் ஒரு ஜாடித் தண்ணீரை வைத்து, ஆளுக்கொரு தம்ளரில் ஊற்றினாள்.

"கொண்டாரச் சொன்னேனே, எல்லாரும் அவங்கவங்க குப்பிய எடுங்க. இந்தத் தண்ணிய சோதிச்சுச் சொல்லுங்க."

"எட்டு" என்றது முதல் குரல். "எட்டு." "எட்டு." "எனக்கும் எட்டு." நார்ப்பும் சொட்டு விட்டார். "எட்டு! அருமையான தண்ணி. எந்தத் தொட்டியோடது?"

"சோடா தண்ணி" என்றாள் லவோன். "முந்தாநேத்து என் கண்ணு முன்னால நிறுத்துக் கலக்கினது. இதுல பன்னெண்டு இருக்கு."

பக்கத்து அரங்கில் யாரோ பத்துக் கட்டையையும் ஒரே உருட்டில் சாய்த்த சத்தம் கேட்டது. பின்னறையில் எல்லாரும் தங்கள் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள்.

"நார்ப், இந்தக் குப்பிங்க வந்த அட்டைப்பெட்டிய எங்க வெச்சிருந்த?"

"பத்திரமாத்தான்!" நார்ப்புக்குக் கோபம். "நான் என்ன பொறுப்பில்லாதவனா? வண்டிக் கொட்டகையில வெச்சா உறைஞ்சிரும்னு, நெலவறையில, வீட்டச் சூடாக்கற உலைக்கு மேல வெச்சேன். போன குளிர்காலத்துலேருந்து பிரிச்சுக் குடுக்கற வரைக்கும். ஒரு குப்பி உறையல."

"உறையல. காஞ்சிருச்சு."

அவ்வளவுதான் நோய். உலைச்சூட்டில் மருந்திலிருந்த நீர் ஆவியாகி, மிச்சம் கெட்டியாகிவிட்டது. கெட்டி மருந்து கொஞ்சம் சொட்டிலேயே வேலையை முடிக்கும். எண் குறைவாக வரும். ஐயோ குறைகிறதே என்று ஆளாளுக்குக் கரைசலை ஊற்றினோம். சந்தேகம் வந்தவன் அடுத்தவன் குப்பியை வாங்கிப் பார்த்தான், அதுவும் எட்டு என்றது. ஒரே வயிற்றில் பிறந்த இருபது பொய்ச்சாட்சிகள். பரவியது பிஷப்பின் நோயல்ல, நார்ப்பின் அட்டைப்பெட்டி.

"சரி, தப்பு நடந்துருச்சு. தீர்மானத்த வாபஸ் வாங்கறேன்" என்று நார்ப் முணுமுணுத்தார்.

"ஊரறியன்னு பேச்சு" என்றாள் லவோன், அரங்கின் ஒலிபெருக்கியைக் காட்டி.

நார்ப் போனார். "லவோன் வீட்டு பிஷப்புக்குத் தொத்து நோய் எதுவும் இல்லை" என்று அறிவித்தார். பந்துருட்டிக்கொண்டிருந்த லூத்தரன் தேவாலய அணியினர் பந்தைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவர் 'ஆமென்' என்றார்.

காரணம் தெரிந்ததால் லவோன் மறுநாள் காலை கத்தரியைத் தொட்டாள். கோர்டி விளக்குப் பிடித்தான். வெள்ளைக்கு மேலே நல்ல தோலில் வெட்டி, விரல் நீளத் துண்டுகளாகப் பசை வைத்துக் கல்லில் நட்டார்கள். கோர்டி வீட்டுத் துண்டு அதிர்ஷ்டத்தில் தப்பியது, மற்றவற்றைக் காரத்தின் திடீர் இறக்கமே கொன்றுவிடும் என்று, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள். நட்டவற்றில் பாதிதான் பிழைத்தது. பெரிய பிஷப் அடியோடு வெள்ளையாகிவிட்டார். அந்த எலும்பை அவள் எறியவில்லை, அதன்மேலேயே பிழைத்த துண்டுகளை ஒட்டினாள். இப்போது முளைவிட்டுப் பழைய ஆகிருதிக்கு வந்துகொண்டிருக்கிறார்.

பாக்கி இருந்த தகராறு கோர்டி வீட்டுத் துண்டு.

"அது என்னுது. திருப்பிக் குடு."

"என் தண்ணியில பொழைச்சுது. என்னுது."

"கோர்ட்டுக்குப் போலாமா?"

"நீதிபதி ரிட்டயர் ஆயிட்டாரு. போன மாசம் சங்கத்துல சேந்து, நார்ப்கிட்ட ஒரு துண்டு வாங்கிட்டுப் போயிருக்காரு."

கடைசியில் துண்டு அங்கேயே இருப்பது, அவள் வெள்ளிக்கிழமைதோறும் வந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. தொட்டியில் கைவிடுமுன் முழங்கைவரை கழுவ வேண்டும் என்று கோர்டி சட்டம் போட்டிருக்கிறான். அவள் கழுவுகிறாள். போகும்போது விளக்கை நீலத்துக்கு மாற்றிவிட்டுப் போகிறாள். கதவு சாத்தியதும் அவன் வெள்ளைக்கு மாற்றுகிறான். நேற்று போயிருந்தேன். நீலமாகவே இருந்தது. மறந்துவிட்டேன் என்றான். நாயும் ஆமாம் என்றது.